தண்ணீருக்கு உள்ளே

இரண்டாம் வசனம் அவளுக்கு வந்தது.

ஆளுக்கு ஒரு வசனம் என்று வேதபாடக் கூட்டத்தை நடத்தும் எப்சிபா அக்கா சொல்லியிருந்தாள். ஆதியாகமம், முதல் அதிகாரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மா முதல் வசனத்தை நீட்டி முழக்கி வாசித்து முடித்திருந்தாள். அடுத்து அவள்.

வாசித்தாள்.

வெறுமை வந்தது. இருள் வந்தது. தண்ணீர் வந்தது. தண்ணீருக்கு மேலே தேவ ஆவியானவர் வந்தார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் குரல் நின்றுவிட்டது.

அசைவாடிக்கொண்டிருந்தார்.

"மெதுவா வாசிம்மா," என்றாள் பக்கத்தில் இருந்த அத்தை, அவளுடைய மாமியார். மற்றவர்களைப் பார்த்து, "மூச்சு வாங்குது. ஏழு மாசம்லா," என்றாள்.

அவள் வாசித்து முடித்தாள்.

மூச்சு வாங்கவில்லை.

காலையிலிருந்து குழந்தை அசையவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் குடித்துப் பார்த்தாள். தூங்குகிறவர் தோளைத் தொடுவதுபோல வயிற்றை விரலால் தட்டினாள். பிறகு சத்தம் கேட்கும்படி தட்டினாள். கூட்டத்துக்கு நேரமாச்சு என்று அத்தை கூப்பிட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சொல்லிவிட்டால் அது ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

மடியில் திறந்திருந்த பக்கம் முழுக்க அதுதானே. தேவன் சொன்னார். ஆயிற்று. வெளிச்சம், வானம், புல், பூண்டு. சொல்லும்வரை எதுவும் இல்லை.

அவளும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

எப்சிபா அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள். அப்படி ஏற்றினால் விளக்கம் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"நாம எல்லாரும் நேரா வெளிச்சத்துக்கு ஓடிருவோம். ஓடாதீங்க. இந்த ரெண்டாம் வசனத்துல கொஞ்சம் நில்லுங்க. தேவன் இன்னும் ஒரு வார்த்தை பேசல. வெளிச்சம் வரல. ஒரு புல்லு கிடையாது. ஆனா என்ன இருக்கு?"

எப்சிபா அக்கா வசனத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அசைவு இருக்கு."

அவள் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் முன்னால். பிறகு பின்னால்.

"மூலபாஷையில இந்த வார்த்தைக்கு ஒரு பறவையோட சாயல் உண்டு. கூட்டுக்கு மேல செட்டையடிச்சுக்கிட்டு நிக்கிற பறவை. குஞ்சு மேல விழுந்துராம, விட்டுட்டும் போயிராம."

"ஸ்தோத்திரம்," என்றாள் அத்தை. கண் கலங்கியிருந்தது.

மாதாமாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் கேட்பதும் இந்தச் சொல்லைத்தான். அசைவு தெரியுதா? எடையும் பிரஷரும் பிறகுதான்.

தெரியுது, தெரியுது. எங்கோ பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை, தூங்கவே விடமாட்டேங்குது என்று அலுத்துக்கொண்டும் இருக்கிறாள்.

"ஆக, அசைவு இருந்தா ஜீவன் இருக்கு," என்றாள் எப்சிபா அக்கா. "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னாலும் பரவாயில்ல. சோர்ந்து போகாதீங்க."

"அக்கா."

அது தன் குரல்தான் என்று அவளுக்குச் சற்றுப் பிறகே தெரிந்தது.

"அசைவு தண்ணிக்கு மேலதான போட்டிருக்கு?"

"ஆமாம்மா. ஜலத்தின்மேல்."

"தண்ணிக்கு உள்ள?"

எப்சிபா அக்கா கண்ணாடியை இறக்கி வசனத்தை மறுபடி பார்த்தாள்.

"உள்ள என்னட்டி இருக்கு, ஒண்ணுமில்ல," என்றாள் பெரியம்மா. "மீனே அஞ்சாம் நாள்தான வருது. அதுவரைக்கும் ரசத்தை வச்சு ஒப்பேத்த வேண்டியதுதான்."

அறையே சிரித்தது. அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எப்சிபா அக்காவுக்கும் அடக்க முடியவில்லை.

அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

"காலையிலேர்ந்து பிள்ளை அசையல."

பெரியம்மாவின் முகம் அப்படியே நின்றது. அத்தை அவளைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

அதற்குள் எப்சிபா அக்கா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வேதப் புத்தகம் நாற்காலியில் விரித்தபடி கிடந்தது. யாரோ தெருவில் இறங்கி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள்.

தெருவெல்லாம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ விழுந்து எழுந்து போனது. ஒரு பக்கம் அத்தை அவள் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். மறுபக்கம் எப்சிபா அக்கா வாய்விட்டு ஜெபித்துக்கொண்டே வந்தாள். இருக்கை அதிர்ந்தது. மேலே தார்ப்பாய் படபடத்தது. அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றை விட்டு எடுபடவில்லை.

ஏதோ ஒன்று.

வலப்பக்கம், விலாவுக்குக் கீழே. மெல்லியது.

பள்ளமா?

மறுபடியும்.

அதுவும் பள்ளமா?

எல்லாம் அசைந்துகொண்டிருந்தது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நிறுத்துங்க."

"ஆஸ்பத்திரி அந்தா தெரியுதுல்லாம்மா. வந்துட்டோம்."

"ஒரு நிமிஷம். எஞ்சினையும் அணைச்சிருங்க."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அணைத்தார்.

"அக்கா, ஜெபம் வேண்டாம்."

எப்சிபா அக்கா பாதிச் சொல்லில் நிறுத்தினாள். அத்தை பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

அவள் தன் மூச்சையும் நிறுத்தினாள்.