அறுபது சீட்டுகள்

சிரித்துவிடக் கூடாது. அவர் என்ன கேட்டாலும் சிரித்துவிடக் கூடாது. பயம் வந்தால் சாராவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும். அதை யாரும் பயம் என்று நம்பியதில்லை.

மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. தாமுவே பேட்டையில் சாரா வீட்டின் முன்னறையில் காற்றே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கோயில் உபதேசியார் ஆரோக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் சாரா. கதவோரம் அவளுடைய அம்மா மக்தலேனா. மேசைமேல், மகளின் கட்டிலுக்கு அடியிலிருந்து அம்மா கண்டெடுத்தவை: அறுபது சீட்டுள்ள ஒரு கட்டு, நட்சத்திரம் கோத்த சங்கிலி, இன்டர்நெட் கடையில் அச்செடுத்த இரண்டு தாள்.

"இது என்ன, விக்கா?" உபதேசியார் தாளைத் தூக்கிப் பிடித்தார். "சூனியக்காரிங்க மதமா?"

"வெளிநாட்டில அது ஒரு நம்பிக்கை, ஐயா. நிலா, மரம், செடி இதையெல்லாம் கும்பிடுறாங்களாம். என்னன்னு பார்க்கத்தான் படிச்சேன். பாதி புரியல."

"புரிஞ்சிருந்தா ஜன்னல் வழியாப் பறந்திருப்பா," என்றாள் மக்தலேனா. "கறுப்புச் சட்டை, கறுப்பு நகம். உங்க வீட்டில என்ன துக்கம்னு எதிர்வீட்டு ஜெயம்மா கேக்கறா, ஐயா. நான் என்னன்னு சொல்ல?"

"இங்கிலீஷ் பாட்டு கேக்கற பிள்ளைங்க போடுற உடுப்பும்மா அது. சனிக்கிழமை டீக்கடையில உக்காந்து இந்தச் சீட்டு ஆடுவோம். வேற ஒண்ணுமில்ல."

ஆறு நாளாக அவள் கோயில் பாலர் பள்ளிக்குப் போகவில்லை. விசாரித்து முடியும்வரை பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். 'சயாமா, சயாமா' என்று பர்மியத்தில் கூப்பிட்டுப் பிள்ளைகள் தங்கள் டீச்சரின் லுங்கியைப் பிடித்து இழுக்காத காலைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்றே அவளுக்குத் தெரியவில்லை. இனி உபதேசியார் பங்குச் சாமியாரிடம் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது.

"மக்தலேனா, நீ கொஞ்சம் உள்ளே இரும்மா. பிள்ளைகிட்டே தனியாப் பேசணும்."

காலில் விழு என்று மகளுக்குக் கண்ணால் சொல்லிவிட்டு அம்மா போனாள்.

உபதேசியாரின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டேயிருந்தது. கோபம்தான் என்று நினைத்தாள் சாரா. அவர் ஒரு சீட்டை உருவினார்.

"இவ யாரு?"

"பனிச் சூனியக்காரி."

"என்ன செய்வா?"

"எதிராளிக்கு ரெண்டு புள்ளி குறைப்பா."

"அவ்வளவுதானா? நாம ஏதாவது கேட்டா பதில் சொல்ல மாட்டாளா?"

"அவ வெறும் சீட்டு, ஐயா."

சிரிப்பு தொண்டைவரை வந்தது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டாள். அவர் இன்னொன்றை எடுத்தார்.

"இது?"

"மந்திரச் சீட்டு. கல்லறையில கிடக்கிற ஆளைத் திரும்ப ஆட்டத்துக்குக் கொண்டுவரும்."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "செத்தவங்களையா?"

வாயைக் கொடுத்துவிட்டேன், தொலைந்தேன் என்று நினைத்தாள். "தோத்த சீட்டை ஒரு ஓரமா வைப்போம், ஐயா. அந்த இடத்துக்குப் பேருதான் கல்லறை. அதிலேருந்து ஒண்ணைத் திரும்ப எடுத்துக்கலாம். ஆட்டத்து விதி."

"மறைக்காதே பிள்ளே. ஒண்ணுமே இல்லாமலா இத்தனை பேர் பேசுவாங்க? சக்தி இருக்குன்னு என்கிட்டே மட்டும் ஒத்துக்கோ. நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமையே நீ பள்ளிக்கூடத்துக்கு வரலாம்."

இது எந்த ஊர் விசாரணை என்று அவளுக்குப் புரியவில்லை. இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் வாடியது. ஆமாம் என்று சொன்னால் என்ன? கறுப்பு உடுத்திய பிறகுதான் தெருவில் நான்கு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பயந்துதான் பார்த்தார்கள். அது தனக்குப் பிடித்திருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சக்தி என்று ஏதாவது தன்னிடம் இருக்கக் கூடாதா என்று கண்ணாடி முன் நின்று யோசித்த நாள்களும் உண்டு.

"ஒரு சக்தியும் இல்ல, ஐயா," என்றாள்.

உபதேசியார் எழுந்தார். அம்மாவைக் கூப்பிடப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அவரோ திரையை விலக்கி, அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"நான் உபதேசியார். ஜோசியம் பார்க்கிற பேதின் சயா வீட்டுப் படியேறினா ஊரே சிரிக்கும். உன்கிட்டேன்னா விசாரணைன்னு சொல்லிக்கிட்டு வர முடிஞ்சது."

சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

"எங்க பையன் ஸ்டீவன். நர்கிஸ் புயலுக்கு முந்தின நாள் கடலோரம் லபுத்தா ஊருக்குப் போனவன். வருஷம் ஒண்ணாச்சு, உடம்புகூடக் கிடைக்கல. ஒரே ஒரு சீட்டு எடு பிள்ளே. உயிரோட இருக்கானான்னு மட்டும் சொல்லு."

ஒரு சீட்டு எடுத்து, இருக்கிறான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். திங்கட்கிழமை இரண்டு பேருக்குமே விடிந்துவிடும்.

சாரா போட்டோவை இரண்டு கையாலும் எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"சீட்டு எடுக்க மாட்டேன், ஐயா," என்றாள்.