தூசியும் நட்சத்திரமும்

சங்கரன்கோவில் பஜார் வெயிலில் காய்கிறது. போட்டோக்காரர் பாதுஷாவின் ஸ்டுடியோ ஜன்னலோரம் அவர் மனைவி ஆமினாள், ஈரம் உலர்ந்த இரண்டு படங்களை அருகருகே வைத்திருக்கிறாள். இரண்டும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். மின்வாரியத்தில் வேலைபார்க்கும் ஆறுமுகச்சாமி மேலநீலிதநல்லூர்க் காட்டில் நின்று அடுத்தடுத்து எடுத்தவை. கல்யாணப் படத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அது நெகட்டிவில் ஒட்டிய தூசி. ஆமினாள் கறுப்பு மை தொட்டு மறைத்துவிடுவாள். இந்தப் படங்களிலோ புள்ளிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. “ரெண்டுலயும் இருந்தா நட்சத்திரம். ஒண்ணுல மட்டும் இருந்தா தூசி, அழிச்சிரு தாயி,” என்கிறார் பக்கத்தில் நிற்கும் ஆறுமுகச்சாமி. மெல்லிய பிரஷ் ஒவ்வொரு தூசியாக மூடிக்கொண்டு போகிறது. ஓரத்தில் ஒரு மங்கலான புள்ளிமேல் இறங்கப் போன நுனி அப்படியே நிற்கிறது. அவள் பூதக்கண்ணாடியை அடுத்த படத்துக்கு நகர்த்துகிறாள். திரும்பவும் இதற்கு வருகிறாள். “அண்ணாச்சி, இது அதுலயும் இருக்கு.” அவர் குனிந்து வெகுநேரம் பார்க்கிறார். “எத்தனை வருஷமா அண்ணாந்து பாக்குதேன். இங்கன ஒண்ணு இருக்கது என் கண்ணுல படவே இல்லையே.” ஆமினாள், பிரஷில் தொங்கும் மை சொட்டிவிடாதபடி, இடது கையை அந்தப் புள்ளிக்கு மேல் கவித்துப் பிடித்துக்கொள்கிறாள்.