இருபதாவது மணப்பெண்

"நம்புறியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க டீச்சர்" என்றாள் திலகவதி.

என் பேனா பாதியில் நின்றது.

பக்கத்து நாற்காலியில் லியோன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "ஆமான்னு சொல்லித் தொலையேன்டி. டிரைவிங் லைசென்சுக்கே எட்டு மட்டுந்தான் போடச் சொன்னாங்க."

ஞாயிறு பூசை முடிந்து பங்கு அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அவள் அரிமளத்து இந்துப் பெண். அவன் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன். கல்யாணத்துக்கு முன் இப்படிப்பட்ட பெண்களுக்கு ஞானோபதேசம், அதாவது வேதப்பாடம், சொல்லித் தருவது என் பொறுப்பு.

இன்று கடைசி வகுப்பு. இவள் தயார் என்று ஃபாதருக்கு எழுதிக் கொடுத்தால் ஞானஸ்நானம், மறுநாள் கல்யாணம். எழுதாவிட்டால் லியோன் தனியாகத்தான் துபாய்க்கு விமானம் ஏற வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றாத மருமகள் தன் வாசல்படி மிதிக்கக்கூடாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள்.

"ஏம்மா, என்ன சந்தேகம் ஒனக்கு?"

"எங்கப்பா போன வருசம் எறந்துட்டாரு. ஞானஸ்நானம் வாங்கல. நான் மட்டும் மோட்சத்துக்குப் போனா, அவரு எங்கிட்டு இருப்பாரு?"

"கடவுளோட எரக்கத்துக்கு அளவே இல்லம்மா."

"அது பதில் இல்லைங்க டீச்சர். சமாளிப்பு."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

இதற்குமுன் பத்தொன்பது பெண்கள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தொன்பது பேரும் கேள்வி முடியும் முன்பே "நம்புறேன் டீச்சர்" என்றார்கள். போட்டோவுக்கு நின்றார்கள். அதற்குப் பிறகு பூசைக்கு வந்தவர்கள் மூன்றே பேர்.

பொய் சொன்ன அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டேன். உண்மை சொன்ன முதல் பெண் இவள்.

படிவத்தைக் கிழித்தேன்.

லியோன் பதறி எழுந்தான். "டீச்சர்!"

"உட்காருப்பா."

புதுத் தாள் எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஞானஸ்நானம் வேண்டாம். ஆயரின் அனுமதி வாங்கி, பெண் இந்துவாகவே இருக்க, நம் பங்குக் கோயிலிலேயே திருமணத்தை நடத்தலாம்.

திலகவதி தாளை எட்டிப் பார்த்தாள். "இப்படி ஒரு வழி இருக்கா?"

"எப்பவும் இருக்கு. ரொம்ப வருசமா."

"அப்பறம் ஏன் டீச்சர் யாருமே சொல்லல?" என்றான் லியோன்.

சொன்னால் யாரும் தண்ணீருக்குத் தலை கொடுக்க மாட்டார்கள். அதனால் மாப்பிள்ளை வீடுகள் இதைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் சொன்னதில்லை.

"எங்கம்மாகிட்ட யாரு பேசுறது?" என்றான்.

"சாயங்காலம் நான் வாரேன்."

திட்டு விழும். ஃபாதரிடமும் விழும். இந்த வேலையும் போகலாம். போகட்டும்.

தாளின் அடியில் கையெழுத்திட்டேன். ஜெயராணி.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன், என் கல்யாணத்துக்கு முந்தின நாள், இதே கோயிலில் எனக்கு வைத்த பெயர் அது. அதுவரை நான் கட்டுமாவடி செல்லமுத்து மகள் அமராவதி.

எனக்கும் அன்றைக்கு இந்த வழியை யாரும் சொல்லவில்லை.

நம்புகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை.