பதினோரு வார்த்தை

“இந்த அம்மாவுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும், எழுதிக்குங்க” என்றார் ஜோசியர்.

அவர் ஜோசியர் இல்லை. தொலைக்காட்சி நிறுவனத்தில் நேயர்களின் கருத்துகளைப் படித்துத் தரம் பிரிப்பவர். தொடர் கொலைகாரன் விட்டுப்போகும் சின்னச் சின்ன அடையாளங்களை வைத்தே அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லும் அதிகாரியின் கதை ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆமை வேகத் தொடர். ‘பிடிபடுவதற்குள் கொலைகாரன் வயதாகிச் செத்துவிடுவான்’ என்று ஒரு நேயர் எழுதியிருந்தார். ஆனால் நம் ஜோசியருக்கு அந்த அதிகாரியின் பைத்தியம் பிடித்துவிட்டது. எழுத்தை வைத்தே ஆளைச் சொல்ல ஆரம்பித்தார்.

போன வாரம் ஒரு கருத்தைப் படித்து, காலேஜ் பையன், தாடிகூட இருக்கும் என்று அடித்துச் சொன்னார். விசாரித்தால் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. அன்று ஒட்டிய பெயர்தான் ஜோசியர். அதிலிருந்து டீ வந்தால் கப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மேலாளர் இன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதுவும் தப்பானால் இந்த வேலையை விட்டுவிட்டு நேயர்கள் மதிப்பெண்ணாகப் போடும் நட்சத்திரங்களை மட்டும் எண்ணிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் அவருடைய குறிப்புகள் இயக்குநர் கூட்டத்துக்குப் போகும்.

இணையத்தில் வரும் கருத்துகளிலிருந்து பெயரையும் தொலைபேசி எண்ணையும் கணினி மறைத்துவிடும். மேலாளரால் மட்டுமே திறக்க முடியும். ஜோசியர் கையில் இருந்தது வெறும் மூன்று வரி:

‘நாலு வாரத்தில் அதிகாரி தன் மனைவியிடம் பேசியது பதினோரு வார்த்தை. நான் எண்ணினேன். அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடும் காட்சியை இன்னும் நீட்டுங்கள், யாரோ என்கூட உட்கார்ந்து சாப்பிடுவது போல் இருக்கிறது.’

ஜோசியர் ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கினார். கொலையைப் பற்றி ஒரு சொல் இல்லை, கண்ணெல்லாம் சாப்பாட்டு மேசையில். ஆகவே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண். பதிவான நேரம் மதியம் மூன்று. வேலைக்குப் போகிறவர் இல்லை. ‘நாங்கள்’ எங்கேயும் கிடையாது, ‘நான்’தான், பிள்ளைகள் தூரத்தில்.

“வார்த்தையை எண்ணுறாங்க பாருங்க, அதுதான் முக்கியம். பேச்சு நிறைய இருக்கிற வீட்டுல யாரும் எண்ண மாட்டாங்க. வீட்டுல இன்னொரு ஆள் இருக்க வாய்ப்பே இல்ல.”

“பாவம், நம்ம தொடர்தான் அவங்களுக்குப் புருஷன்போல” என்றார் தட்டச்சுக்காரர். ஜோசியரும் சேர்ந்து சிரித்தார்.

மேலாளர் எண்ணைத் திறந்து, அலுவலகத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார். மறுமுனையில் “ஹலோ” என்று ஒரு பெண் குரல்.

ஜோசியர் சட்டென்று எழுந்தார். “வேணாம் மேடம், கட் பண்ணிடுங்க” என்றார் மெதுவாக.

மறுபடி தோற்றுவிடப் பயம் என்று நினைத்து, தட்டச்சுக்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளர் கையமர்த்திவிட்டு, நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தார். வயது ஐம்பது தாண்டிவிட்டது. வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். பகலெல்லாம் தனியாகத்தான்.

ஒவ்வொரு பதிலுக்கும் மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஜோசியர் தலை நிமிரவில்லை. காது மடல்கள் சிவந்திருந்தன.

கடைசிக் கேள்வியை மேலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் தவறிட்டாரா?”

“நல்லாத்தான் இருக்கார் மேடம். உங்க ஆபீஸ்லதான், வர்ற கருத்தையெல்லாம் உட்கார்ந்து படிக்கிற வேலை. நான் சொன்னா காதுல விழாது. எழுதினா படிச்சுத்தானே ஆகணும், அதான் எழுதினேன்.”