கதையில் வரும் மாமியார்

அஞ்சல்வழிப் படிப்புத்தான். என்றாலும் கதை எழுதுவதில் பட்டத்துக்குப் படிப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லண்டன் விடுதியொன்றில் பத்து நாள் தங்கியே ஆகவேண்டும். 1994 கோடையில் அங்கேதான் சுலோசனா தன் முதல் கதையை வகுப்பில் வாசித்தாள். மருமகள் வைத்த மீன்குழம்பை விருந்தாளிகள் முன்னிலையில் சிங்குக்குள் ஊற்றுகிற மாமியாரின் கதை.

வகுப்பே கொதித்துப்போனது. அந்த மாமியாரைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்றாள் ஒரு வெள்ளைக்காரப் பெண். வகுப்பிலேயே வயதில் மூத்த மாணவியான கமலாம்பிகை மட்டும் கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சுலோசனாவோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் அவர்.

அறைக்குத் திரும்பியதும் சுலோசனா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“கதை எப்பிடி?”

“பிழையில்லை. ஆனா அந்த மாமியாருக்கு உயிரில்லை. சும்மா நிண்டு கத்துறா.”

“கத்தாமல்?”

“உண்மையான மாமியார் சிரிச்சுக்கொண்டுதான் ஊத்துவா.”

“உங்களுக்குக் கோவமில்லையோ?”

“ஏன் இல்லை? உன்னைத் தனிய அனுப்பேலாது எண்டு காவலுக்கு இந்தப் படிப்பில சேர்ந்தவள்தான் நான். எண்டாலும் வகுப்பில சொல்லித் தந்ததைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்?” கமலாம்பிகை தேநீரை ஆறுதலாக உறிஞ்சினார். “அண்டைக்கு நான் உன்ர குழம்பை ஊத்திப்போட்டு, ‘சட்டியையும் சேர்த்து எறி’ எண்டு சொன்னனான். எவ்வளவு நல்ல வசனம்! அதை ஏன் பிள்ளை விட்டனீ?”