மண்ணிலிருந்து நுனி வரை

“நாலு வாரமா ஒரே உயரமா? செடி வளரலையா, இல்ல நீ ஸ்கேலைத் தலைகீழா பிடிக்கிறியா?”

ஆய்வுக்கூடமே கேட்கும்படி கத்தினார் விஞ்ஞானி. அவர் கண்டுபிடித்த உரத்தில் வளரும் கத்தரிச் செடிகள் அவை. வாரம் ஒருமுறை அளப்பது என் வேலை.

“மண்ணுலேர்ந்து நுனி வரைக்கும் அளந்தேன் சார். நீங்க சொன்னபடிதான்.”

“உரமே போடாத செடி மூணு விரல் வளர்ந்திருக்கு. என் பத்து வருஷ உழைப்பு இது!”

“சார், ரெண்டாவது வாரமே ஒண்ணு சொல்ல வந்தேன்...”

“அளக்கறவ எனக்குப் பாடம் எடுக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?”

பதிவேட்டில் ‘உரம் தோல்வி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“எல்லாத்தையும் பிடுங்கிக் குப்பையில போடு. நாளைலேர்ந்து நீயும் வராதே.”

அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். கண் வறண்டு கிடந்தது.

முதல் செடியைப் பிடுங்கினேன். வாராவாரம் அவரே தன் கையால் தண்டைச் சுற்றிக் குவித்த உரம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்கேலுக்கு எட்டாமல் அதற்குள் ஆறு விரல் தண்டு புதைந்திருந்தது.

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அதை இரண்டாக முறித்துக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கினேன்.