நாலு கிலோ சிட்டு

“டாக்டர், மாசம் ஒரு கிலோ குறையுது. இப்ப நாலு. இன்னும் நாலு மாசத்துல பூஜ்யத்துக்கு வந்துடும். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தோம்.”

குழந்தை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரில் அப்பாவும் அம்மாவும். அம்மாவின் மடியில், மடி போதாமல் இரண்டு பக்கமும் வழிந்தபடி, இரண்டே முக்கால் வயதுச் செல்ல மகள் சிட்டு.

“நாலு கிலோவா? இந்தக் குழந்தையா?”

“எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.” அப்பா ஒரு நோட்டை நீட்டினார். லாரிகளுக்கு எடை போடும் மேடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவர். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டை இதுவரை எந்த டிரைவரும் தப்பு என்று சொன்னதில்லை. நோட்டில் பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று மாதத்துக்கு ஒரு வரி இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்திலேயே உயரம். அது மட்டும் ஒழுங்காக ஏறியிருந்தது.

“பக்கத்து வீட்டுக்காரம்மாதான் முதல்ல சொன்னாங்க, பிள்ளை ஒல்லியா இருக்காளேன்னு,” என்றாள் அம்மா. “அன்னையிலேருந்து பிடிச்சுது சனி. காலையில ரெண்டு முட்டை, பதினோரு மணிக்குப் பால், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் திரும்பப் பால், ரெண்டு பழம். இவரு தன் தட்டுல இருக்கறதையும் வழிச்சு ஊட்டிடுவாரு. ஒரு வாய் மிச்சம் வைக்காம சாப்பிடறா. அதெல்லாம் எங்க போகுதுன்னுதான் தெரியல.”

எங்கே போகிறது என்று டாக்டருக்கு நன்றாகவே தெரிந்தது. சிட்டுவின் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை.

“கை காலெல்லாம் கொழுகொழுன்னு நல்லாத்தானேம்மா இருக்கு?”

“பயமே அதுதான் டாக்டர்.” அப்பா குரலைத் தாழ்த்தினார். “பார்க்கத்தான் அப்படி. எடையில வரல பாருங்க. உள்ள முழுக்கக் காத்து.”

“காத்தா?”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வேற என்ன சொல்றது? மூணு மாசமா வீட்டுல ஃபேன் போடறதில்ல. வெளிய கொஞ்சம் பலமா காத்தடிச்சா, நான் ஒரு கையை, இவரு ஒரு கையைப் பிடிச்சுக்குவோம். ஒரே பிள்ளை. பறந்து கிறந்து போயிட்டா நாங்க எங்க போய்த் தேடுவோம்?”

டாக்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு, மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டார்.

நர்ஸ் சிட்டுவைத் தூக்கப் பார்த்தாள். பாதியில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நடத்தியே கூட்டிப்போய் மூலையில் இருந்த தராசில் நிறுத்தினாள். போகிற போக்கில் டாக்டரின் மேஜையிலிருந்து இரண்டு பிஸ்கட் காணாமல் போயின.

“பதினாறரை கிலோ, டாக்டர்.”

“உங்க தராசு கெட்டுப்போச்சு,” என்றார் அப்பா. கோபமே இல்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரி இருந்தது குரல். “முத்திரை வச்சு எத்தனை நாளாச்சு?”

“போன வாரம்தான் சார் வந்து பார்த்துட்டுப் போனாங்க.” நர்ஸுக்குச் சுருக்கென்றது.

“வந்தவரு தூங்கிட்டாரு போல.”

டாக்டர் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தார். “தராசை விடுங்க. வீட்டுல எப்படி எடை பார்க்கறீங்களோ, அப்படியே இங்க ஒரு தடவை பார்த்துக் காட்டுங்க.”

அப்பா எழுந்தார். தொளதொளவென்றிருந்த சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துச் சிட்டுவைத் தூக்கித் தோளில் போட்டு, தராசில் ஏறி அசையாமல் நின்றார்.

“வீட்டுல இவ தனியா நிக்க மாட்டா. ஆடிக்கிட்டே இருப்பா, முள்ளு நிக்காது. அதனால எங்க மேடை முறைதான். லோடு லாரியை நிறுத்தி மொத்த எடை பார்ப்போம். அதுல காலி லாரி எடையைக் கழிச்சா சரக்கு எடை வந்துடும்.” குனிந்து முள்ளைப் பார்த்தார். “இப்ப மொத்தம் எண்பத்திரண்டு. என்னோட காலி எடை எழுபத்தெட்டு. போக மிச்சம் நாலு. சொன்னேன்ல? இப்ப உங்க தராசும் சரியாத்தான் காட்டுது.”

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து அருகில் வந்தார். “இந்த எழுபத்தெட்டு எப்ப பார்த்தது?”

“எட்டு மாசம் முன்னாடி, நோட்டு போட்ட அன்னைக்கு. வாடிக்கை லாரிக்குக் காலி எடை ஒரு தடவை எழுதினா எழுதினதுதான் டாக்டர். லோடு வரும்போதெல்லாம் லாரியையா தனியாப் போட்டுப் பார்ப்பாங்க?”

“குழந்தையை இறக்கி விட்டுட்டு நீங்க மட்டும் நில்லுங்க.”

அவர் இறக்கிவிட்டார். முள் அறுபத்தைந்தரையில் வந்து நின்றது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அம்மா குழந்தையை விட்டுவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

“லாரி கவலைப்படாது சார், தன் சாப்பாட்டை எடுத்து யாருக்கும் ஊட்டவும் செய்யாது,” என்ற டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். “குழந்தையை அம்மாகிட்ட குடுத்துட்டு, இவரை உடனே பெரியவங்க வார்டுல சேருங்க சிஸ்டர், மாசாமாசம் இளைச்சுட்டு வந்தது இவருதான்.”